எல்லாப் பலகைக்கும் படகு ரெசின் பொருந்தாது

பழைய அலைச்சறுக்குப் பலகை எந்த வகையானாலும், அதன் வெடிப்பைக் கண்ணாடியிழைப் படகுகளுக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசினாலேயே அடைக்கலாம் என்று இங்கு ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளைத் திருத்துவோர் நாளாந்தம் கையாளும் பொருள் என்பதால் இந்த எண்ணம் வருவது இயல்பே. ஆனால் அந்த ரெசின் பொலியூரித்தேன் நுரையில் செய்த பலகைகளுக்குத்தான் சரி. பொலிஸ்டைரீன் நுரை கொண்ட பலகையில் அதைப் பூசினால், ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன் என்ற திரவம் பலகையின் உள்நுரையையே கரைத்துவிடும். வெளியே விரல்நுனி அளவாக இருந்த வெடிப்பு உள்ளே பெருங்குழியாகிவிடும்.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் ரெஜிபோமும் பொலிஸ்டைரீன் நுரைதான்; அதில் ஒரு துண்டின் மீது, காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்துகொண்டு, அந்த ரெசினில் ஒரு சொட்டு விடுங்கள். வெண்மணிகள் சுருங்கி, சொட்டு மெல்லக் கீழிறங்கிப் பள்ளம் விழுவதைக் காண்பீர்கள். பிறகு பலகையின் வெடிப்புக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். அதே போன்ற மணிகள் தெரிந்தால் எப்பொக்சி ரெசினையே பயன்படுத்த வேண்டும். மணிகள் தெரியாவிட்டாலும், நுரை எதுவென்று உறுதியில்லையெனில், விலை கூடினாலும் தயவுசெய்து எப்பொக்சியையே வாங்குங்கள். அது இருவகை நுரைக்கும் ஒத்துக்கொள்ளும்.