ரேக் தாங்கினால் மட்டும் போதாது

மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) பின்னால் ரேக் மாட்டி ஸ்கூட்டர் ஏற்றுவது பற்றி, "ஸ்கூட்டர் 120 கிலோ, ரேக் 150 கிலோ தாங்கும், வண்டியில் இன்னும் 300 கிலோ ஏற்றலாம், அப்புறம் என்ன கவலை?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் ரேக் வாங்கிவிட வேண்டாம்.

ஸ்கூட்டர் நிற்பது பின் அச்சுக்கு மேலே அல்ல, அதற்கும் வெகு பின்னால். அங்கே அது நெம்புகோல் போல வேலை செய்யும். ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர், பின் அச்சிலிருந்து ஸ்கூட்டர் 2.5 மீட்டர் பின்னால் என்று வைப்போம். ரேக் 40 கிலோ, ஸ்கூட்டர் 120, ஆக 160. முன் அச்சிலிருந்து பார்த்தால் ஸ்கூட்டர் 6.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் பின் அச்சில் கூடுவது 160 அல்ல. 160 × 6.5 ÷ 4, அதாவது 260 கிலோ! முன் அச்சில் 100 கிலோ குறையும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு வரம்பை மீறிவிடலாம்.

முன்பக்கம் லேசாவதும் சின்ன விஷயமில்லை. ஐரோப்பாவில் பல மோட்டார்ஹோம்கள் ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியவை, முன்சக்கரம் இழுப்பவை. பிடிமானம் குறைந்தால் ஈரப் புல்லில் சக்கரம் சுழலும், ஸ்டியரிங்கும் லேசாகிவிடும்.

தண்ணீர், கேஸ், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடைமேடையில் ஒவ்வொரு அச்சையும் தனியாக எடை போட்டுப் பாருங்கள். ரேக்கைப் பூட்டும், வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்த நீட்டிப்புக்கும் தனி எடை வரம்பு உண்டு, அதையும் கேளுங்கள். இந்த வரம்புகள் இடம் தரவில்லையென்றால் சின்ன டிரெய்லர்தான் சரி.