ரெண்டர் அப்புறம், முதலில் செக்‌ஷன்

ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டான தீசிஸ் என்றாலே அருங்காட்சியகம், கலையரங்கம், நூலகம் மூன்றும் தவறாமல் வரும். ரெண்டர், அதாவது கட்டி முடித்த கட்டிடம் போலக் காட்டும் படம், பளபளவென்று இருக்கும். செக்‌ஷன் (கட்டிடத்தைச் செங்குத்தாக வெட்டி உள்ளே காட்டும் வரைபடம்) ஷீட்டைத் தேடினால் கூரைக்கு ஒரு தடித்த கோடு, அதற்குக் கீழே நாலு மனித உருவம், ஓரத்தில் ஒரு மரம். பொதுக் கட்டிட ப்ராஜெக்ட்டுகள் பெரும்பாலும் அந்த ஷீட்டில்தான் கவிழ்கின்றன. வடிவத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

கலையரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ப்ரோகிராமில், அதாவது தேவைப் பட்டியலில், 500 இருக்கை என்று எழுதிவிட்டு, பிளானில் விசிறியாக வளைவுகளைப் போட்டுவிடுகிறார்கள். தரை எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பின்வரிசைக்காரரின் பார்வைக் கோடு, முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு மேலே குறைந்தது 60 மி.மீ. தாண்டிப் போக வேண்டும். 90 இருந்தால் நல்லது, 120 இருந்தால் இன்னும் நல்லது. முதல் வரிசைக்காரரின் கண், மேடையில் நாம் குறிக்கும் புள்ளியைவிட 500 மி.மீ. உயரத்தில், அதிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. வரிசைக்கு வரிசை 900 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-உடன் 60-ஐக் கூட்டி, 6900-ஆல் பெருக்கி, 6000-ஆல் வகுத்தால் 644. அதாவது இரண்டாவது வரிசை 144 மி.மீ. ஏற வேண்டும். இதே கணக்கில் மூன்றாவதற்கு 152. ஏற்றம் கூடிக்கொண்டே போகும், ஒரே சாய்வுத் தரை சரிப்படாது. 20-வது வரிசைக்கு வரும்போது முதல் வரிசையைவிட ஏறக்குறைய 3.6 மீட்டர் மேலே இருப்பீர்கள். பின்பக்கக் கதவைத் தரைத்தள லாபியில் திறந்து வைத்திருக்கும் பிளான் அங்கேயே செத்தது.

அடுத்தது கன அளவு. பேச்சுக்கும் நாடகத்துக்கும் ஓர் இருக்கைக்கு 4 கன மீட்டர் அளவில் போதும், ஒலி எழுந்து அடங்க எடுக்கும் எதிர்முழக்க நேரம் 1 விநாடியை ஒட்டி நிற்கும். சிம்பொனிக்கு 2 விநாடி அளவு வேண்டும் என்பதால் இருக்கைக்கு 8 முதல் 10 கன மீட்டர் தேவை. 500 பேருக்கு ஒன்று 2000 கன மீட்டர், மற்றது 4000 முதல் 5000. 'மல்டிபர்ப்பஸ்' என்று ஷீட்டில் எழுதிவிட்டால் இந்த இடைவெளி மறைந்துவிடாது. சிட்னி ஓபரா ஹவுஸின் கூரையை எல்லாரும் கேஸ் ஸ்டடியில் ஒட்டுகிறார்கள். அதன் பெரிய அரங்கம் முதலில் ஓபரா, கச்சேரி இரண்டுக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட்டது. 1966-இல் அதன் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் விலகிய பிறகு அது கச்சேரிக்கு மட்டும் என்றாகி, மேடை இயந்திரங்கள் கழற்றப்பட்டன. ஓபரா சின்ன அரங்குக்குப் போனது. அங்கே மேடையின் பக்கவாட்டு இடமும் ஆர்க்கெஸ்ட்ரா குழியும் நெருக்கடி. இந்தப் பகுதி எந்த ஷீட்டிலும் வருவதில்லை!

கூரையைக் காகிதம் போல மெலிதாக வரைபவர்களுக்கு ஒரு கணக்கு. நடுவில் தூண் இல்லாத 24 மீட்டர் ஸ்பேனுக்கு, கூரையைத் தாங்கும் ட்ரஸ் சட்டத்தின் ஆழம் மட்டும் 1.8 முதல் 2.4 மீட்டர். சத்தம் வராமலிருக்க ஏசி காற்று மெதுவாக ஓட வேண்டும், அதனால் காற்றுக் குழாயான டக்ட் பெரிதாகும். மேலே நடந்து வேலை பார்க்கும் கேட்வாக், விளக்கு, சீலிங் எல்லாம் சேர்த்தால் 3 மீட்டரை எட்டும். திரைச்சீலைகளை மேலே முழுதாக இழுக்கும் மேடை என்றால் முகப்புத் திறப்பின் உயரத்தைப் போல இரண்டரை மடங்காவது கோபுரம் எழும்ப வேண்டும். 8 மீட்டர் திறப்புக்கு 20 மீட்டர். எலிவேஷனில் (வெளிமுகத் தோற்றத்தில்) அதை ஒளிக்க முடியாது, டிசைனில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

அருங்காட்சியகத்தில் நோய் வேறு. துணி, காகிதம், வாட்டர்கலருக்கு 50 லக்ஸ் வெளிச்சம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ்தான் வழக்கமான வரம்பு. காலரியை மேற்கு பார்த்த கண்ணாடிப் பெட்டியாக வரைந்தால் வெயில் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் டெக்சாஸில் கட்டிய கிம்பெல் அருங்காட்சியகத்தை (1972) வெளியிலிருந்து பார்த்து வளைவுக் கூரையைக் காப்பியடிக்காதீர்கள். வளைவின் உச்சியில் ஒரு பிளவு. அதன் வழியே வரும் வெயிலைத் துளையிட்ட அலுமினியத் தகடு மேலே திருப்பி, கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் பட வைக்கிறது. படத்தின் மேல் நேர் வெயில் விழுவதில்லை. செக்‌ஷனைப் பார்க்காமல் இது புரியாது.

நூலகத்தைப் பற்றிச் சுருக்கமாக: புத்தக அடுக்குகள் நிற்கும் தரையின் சுமை வாசிப்பறையைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். அடுக்குகளை கேன்டிலீவரின் (ஒரு பக்கம் மட்டும் தாங்கி, மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிய தளத்தின்) நுனியில் கொண்டுபோய் வைப்பது ஏனோ மாணவர்களுக்கு ஒரு ஆசை.

கட்டிடத்தை 1.5 மீட்டர் பீடத்தின் மேல் கம்பீரமாக ஏற்றி வைத்தால், 1:12 சரிவில் ராம்ப் மட்டும் 18 மீட்டர். பாதியில் 1.5 மீட்டர் லேண்டிங்கும் சேரும். படிக்கட்டு எல்லாம் முடிந்த பிறகு அதை ஓரத்தில் சொருகினால், சக்கர நாற்காலியில் வருபவர் குப்பை வண்டி போகும் வழியில்தான் உள்ளே போவார். பரப்பளவிலும் இதே அலட்சியம்: அறைகளைக் கூட்டி 3000 சதுர மீட்டர் வந்தால் கட்டிடம் 3000 இல்லை. சுவர், நடைவழி, டக்ட், மெஷின் ரூம் சேர்த்து 4600-ஐத் தாண்டும். சைட்டில் இடம் பற்றாமல் முதலில் காணாமல் போவது ஸ்டோரும் பெண்கள் கழிப்பறையும். 15 நிமிட இடைவேளையில் 250 பெண்கள் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ப்ராஜெக்ட்டை மதிப்பிடும் ஜூரியில் உட்காருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ரெண்டரைக் கடைசியில் பாருங்கள். பிளானில் விரலை வைத்து, லாரியில் வந்து இறங்கும் 2.5 மீட்டர் பெட்டி எந்தக் கதவு, எந்த லிஃப்ட், எந்தத் திருப்பம் வழியாகக் காலரிக்குப் போகிறது என்று மாணவரையே காட்டச் சொல்லுங்கள்.