மின்மினியைப் பல்லிக்குக் கொடுக்காதீர்கள்

"வளர்ப்புப் பல்லிக்குத் தோட்டத்தில் பிடித்த பூச்சியே நல்லது, ஆகாததை அதுவே ஒதுக்கிவிடும்" என்ற செய்தி பரவி வருகிறது. இது தவறு. உயிரைப் பறிக்கும் தவறு.

வளர்ப்புப் பல்லிகளில் ஒன்றான, பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியா. அமெரிக்காவில் கோடை மாலைகளில் மின்னும் ஃபோட்டினஸ் இன மின்மினிகளை அதன் முன்னோர் கண்டதே இல்லை. அந்த மின்மினிகளின் உடலில் லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இருக்கிறது. தேரையின் நஞ்சுக்கு உறவான இது இதயத்தைத் தாக்குவது. அங்கே பறவைகள் பல, கசப்பை உணர்ந்து துப்பிவிடுகின்றன. ஓணானோ நாக்கை நீட்டி, ஒரே விழுங்கில் முடித்துவிடுகிறது. சற்று நேரத்தில் தலையை உதறும், வாயைப் பிளந்து பிளந்து குமட்டும், தோல் கருத்துப்போகும். சில மணி நேரத்துக்குள் இறந்துவிடும். ஒரே ஒரு மின்மினி போதும். இத்தகைய சாவுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் வேதிச் சூழலியல் இதழில் பதிவு செய்தார்கள்.

தோட்டத்துப் பூச்சியில் பூச்சிமருந்தும் ஒட்டியிருக்கலாம். அதனால் உணவுக்கென்றே வளர்க்கப்பட்ட சுவர்க்கோழிகளை வாங்குங்கள். ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். சுவர்க்கோழியில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். தின்னாமல் விட்டதை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள். தூங்கும் ஓணானை அவை கடித்துப் புண்ணாக்கும்.

மின்மினியை விழுங்கிவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.