கொட்டிலை உயர்த்துங்கள், கம்பியை வெட்டாதீர்கள்

நேற்றுப் பின்னேரம் மாமா வீட்டுக்குப் போனேன். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வயல் தொடங்கும் இடத்தில் வீடு. வாசலில் ஒரு கிரைண்டர் கிடக்கிறது, பக்கத்தில் வயர் சுருள். வெல்டிங் கடையில் இரவல் வாங்கி வந்திருக்கிறார். போன மாதம் வாங்கிய ட்ரக்டர் முற்றத்தில் நிற்கிறது. ஜப்பான் மெசின், பாவித்ததுதான், ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் அந்தக் கறுப்புக் கம்பியில் சோக்கால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்.

"என்ன மாமா இது?"

"இந்தக் கம்பிய அறுத்துப் போட்டா மெசின் கொட்டிலுக்க போகும் மருமகன். மழை வந்தா நனையும். மறுகா என்ன செய்ற?"

அந்த இடத்திலேயே அவரோடு ஒரு மணித்தியாலம் வாதாடினேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்படி நினைப்பவர் மாமா மட்டும் இல்லை. எங்கள் படுவான்கரைப் பகுதியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கம்பி இல்லாத மெசின்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பழைய மெசி ஃபெர்குசன் ட்ரக்டர்கள், 135, 240 போன்றவை, பல கம்பி இல்லாமலே இங்கே வந்தவை, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பியோடு வந்ததையும் நாங்களே அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுகிறோம்.

மெசின் புரண்டால் சீட்டில் இருப்பவர் நசுங்காமல் காக்கத்தான் அந்தக் கம்பி. அது எனக்குத் தெரிய வந்தது வயலில் இல்லை, டுபாயில். 2016இல் போய் ஆறு வருடம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் மெசின் ஓட்டினேன். ஏறி இருந்து ஓட்டும் மெசின். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிதான். முன் சில்லு இரண்டும் தள்ளுவண்டிச் சில்லு மாதிரித் தன் பாட்டில் திரும்பும், திருப்புவதும் நிறுத்துவதும் பின் சில்லுதான். அதனால் சரிவில் பின் சில்லு வழுக்கினால் பிரேக்கும் போய்விடும், ஸ்டியரிங்கும் போய்விடும், மெசின் தன் இஷ்டத்துக்கு இறங்கும். 15 பாகைக்கு மேல் சரிவில் ஓட்டாதே, தண்ணீர்க் கரைக்குக் கிட்டப் போகாதே என்று அதற்கான புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். ட்ரக்டரைப் போல அதற்கும் சீட்டுக்குப் பின்னால் கம்பி இருந்தது, நடுவில் மடிக்கலாம், நிமிர்ந்து நிற்க இரண்டு பக்கமும் வளையம் வைத்த பூட்டு ஊசி, அதைப் 'பின்' என்போம். மரத்துக்குக் கீழே வெட்டும்போது மடிப்போம், வெளியே வந்ததும் நிமிர்த்திப் பின்னைப் போடவேண்டும். எங்கள் ஃபோர்மன் ஒரு மலையாளி அண்ணன். காலையில் ஒவ்வொரு மெசினுக்கும் போய்ப் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், கம்பியின் பின்னைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். எனக்கு அப்போது அது பெரிய கரைச்சலாக இருந்தது.

ஒரு நாள் விடியப்புறம், தண்ணீர் தெளித்து முடிந்த கையோடு, குளத்துக் கரைச் சரிவில் குறுக்கே போய்க்கொண்டிருந்தேன். பின் சில்லு வழுக்கியது. அவ்வளவுதான் தெரியும். அடுத்தது நான் பக்கவாட்டில் தொங்குகிறேன், பெல்ட் இடுப்பை நெரிக்கிறது, கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஈரப் புல், பெற்றோல் மணம், கீழே கத்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம். நான் சீட்டிலேயே கட்டுண்டு இருந்ததால் எஞ்சினும் நிற்கவில்லை, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். இறங்கிப் பார்த்தால் கம்பியின் தோள் மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்துக்குக் குத்தி நிற்கிறது. அது குத்தியிராவிட்டால் மெசின் இன்னொரு புரட்டுப் புரண்டு குளத்துக்குள் போயிருக்கும், அரைத் தொன்னுக்குக் கிட்ட வரும் அந்த இரும்புக்கு அடியில் நான் தண்ணீருக்குள் கிடந்திருப்பேன். கம்பியில் கொஞ்சம் பெயின்ட் உரிந்திருந்தது. எனக்கு இடுப்பில் ஒரு நீலத் தழும்பு. மனைவிக்கு இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது.

சரி, அது அந்த நாட்டுக் கதை. இங்கே வந்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எங்கட வயல் தட்டையான வயல், மலையா இருக்கு புரள்றதுக்கு?"

தட்டைதான். மெசின் புரள்வது தட்டையில் இல்லையே. வயல் வட்டைக்குள் இருந்து வரம்பில் ஏறும்போது புரளும். வாய்க்கால் கட்டின் ஓரம் ஈரத்தில் ஊறி உடைந்தால் புரளும். குளக்கட்டில் இருந்து நெல் மூட்டையோடு இறங்கும்போது பின்னால் கொளுவிய பெட்டி தள்ளினால் புரளும். எல்லாவற்றிலும் மோசமானது சேற்றில் புதைந்தால் நாங்கள் செய்யும் வேலை. பின் சில்லு இரண்டுக்கும் குறுக்கே ஒரு கட்டையைச் சங்கிலியால் கட்டி, கிளட்சை விட்டு ஒரே இழுப்பில் வெளியே எடுக்கப் பார்ப்போமே, அது. இதை நானும் செய்திருக்கிறேன், என் சித்தப்பா சொல்லித் தந்தது. எஞ்சின் கொடுக்கும் பலம் எங்காவது போக வேண்டும். சில்லு சுற்றினால் மெசின் முன்னே போகும். சில்லு சுற்ற முடியாதபடி கட்டையும் சேறும் பிடித்துக்கொண்டால், சில்லுக்குப் பதிலாக மெசினின் உடம்பு அச்சைச் சுற்றி எழும்பும். மூக்கு மேலே போகும், மறுகா அப்படியே பின்னால் விழும், ஓட்டுகிறவர் அடியில். இழுக்கும் கயிற்றையோ சங்கிலியையோ கீழே இருக்கும் கொக்கியில் போடாமல் சீட்டுக்குக் கிட்ட உயரத்தில் கட்டினாலும் இதேதான் நடக்கும்.

"தூக்கினால் குதித்துவிடலாம்" என்பார்கள். முடியாது. முன் சில்லு நிலத்தை விட்டு எழும்பிய பிறகு, இனித் திருப்ப முடியாது என்ற கட்டத்துக்கு வர முக்கால் செக்கன்தான் எடுக்கும். முழுதாகக் கவிழ ஒன்றரை செக்கன். ஏதோ சரியில்லை என்று மூளைக்கு உறைத்து, கால் கிளட்சைத் தேடுவதற்குள் முக்கால் செக்கன் போய்விடும். பக்கவாட்டில் புரளும்போது குதிக்கிறவர்கள் பல நேரம் மெசின் விழும் பக்கமே குதிக்கிறார்கள், ஏனென்றால் உடம்பு அந்தப் பக்கம்தான் சரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் இப்படிப் போனார். பெயர் வேண்டாம், வீட்டார் இதைப் படிப்பார்கள். உழவு முடித்துப் பொழுதுபட வாய்க்கால் கட்டால் வந்திருக்கிறார். கட்டின் ஓரம் இடிந்து மெசின் வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. தண்ணீர் முழங்கால் அளவு. அந்த முழங்கால் தண்ணீரில்தான் அவர் போனார், நெஞ்சுக்கு மேல் ஸ்டியரிங் கிடந்து எழும்ப விடவில்லை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் போய்த் தூக்கப் பார்த்தோம், ஒன்றரைத் தொன் இரும்பு அசையவில்லை, இன்னொரு மெசின் வந்துதான் இழுத்தது. அதை நிமிர்த்திய பிறகு நான் பார்த்த ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவில் கம்பியின் அடிக்கட்டை நின்றது. அறுத்த முனை கையைக் கிழிக்காமல் இருக்க அதில் சைக்கிள் டியூபைச் சுற்றி, நைலோன் கயிற்றால் அழகாகக் கட்டியிருந்தார். கைக்கு வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம் எடுத்த மனிதர்.

இந்தக் கம்பி ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சுவீடனில் 1959இலேயே புதிய ட்ரக்டர்களுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள், பிறகு பழையவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். அங்கே மெசின் புரண்டு சாகிற கணக்கு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. அமெரிக்காவில் ஜோன் டியர் நிறுவனம் 1966இல் கம்பியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதன் வடிவமைப்பை மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொள்ள விட்டுக்கொடுத்தது. 1976இல் இருந்து அங்கே கூலிக்கு ஆள் ஓட்டும் புதிய ட்ரக்டர்களுக்குக் கம்பி சட்டம். ஏறி ஓட்டும் புல் வெட்டும் மெசினின் கம்பிக்கென்றே சர்வதேச தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 21299 என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. கம்பியைப் பின்னாலும் பக்கத்திலும் மேலிருந்தும் பெரும் விசையில் தள்ளுவார்கள். அது கொஞ்சம் வளைந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், உடையக் கூடாது, ஓட்டுகிறவர் இருக்கும் இடத்துக்குள் வரவும் கூடாது. அதாவது அது சும்மா ஒரு பைப் இல்லை. இதனால்தான் "அறுத்தால் என்ன, வேண்டுமென்றால் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்" என்ற கதையை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை அறுத்து ஒட்டிய கம்பி, துளை போட்டு லைட் பூட்டிய கம்பி, புரண்டு வளைந்து திரும்ப நிமிர்த்திய கம்பி, ஒன்றையும் நம்ப முடியாது. ஊர்க் கடையில் தடித்த தண்ணீர்ப் பைப்பை வளைத்துச் செய்து பூட்டுவதும் அப்படித்தான், பார்வைக்குப் பலமாக இருக்கும், விழும்போது ஒட்டிய இடத்தில் விட்டுக்கொடுக்கும்.

பெல்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பியை வைத்திருக்கிற ஆட்களும் பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் சுருட்டிப் போட்டிருக்கிறார்கள். எலி கடித்து, சேறு காய்ந்து, கொளுவி பூட்டுப்படாமல் கிடக்கும். பெல்ட் இல்லாமல் கம்பி மட்டும் இருந்தால் புரளும்போது ஆள் தூக்கி எறியப்பட்டு, அந்தக் கம்பியே மேலே விழலாம். இரண்டும் சேர்ந்தால்தான் காவல். இதை மாற்றிப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம்: கம்பி இல்லாத மெசினிலோ கம்பியை மடித்து வைத்திருக்கும்போதோ பெல்ட் போடக்கூடாது, அது உங்களை மெசினோடு கட்டி அடியில் போட்டுவிடும். மாமரத்துக்கு, முந்திரி மரத்துக்குக் கீழே போகும்போது கம்பியை மடியுங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள், வெளியே வந்ததும் இரண்டையும் திரும்பப் போடுங்கள். அரை நிமிட வேலை. இங்கேயும் இப்போது ஹோட்டல் தோட்டம் ஒன்றிரண்டில் ஏறி ஓட்டும் புல் மெசினைப் பார்க்கிறேன், பொடியன்கள் கம்பியை நிரந்தரமாக மடித்து வைத்துக்கொண்டு பெல்ட்டும் போட்டு ஓட்டுகிறார்கள். தம்பிமாரே, உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன்.

மட்காட்டில் ஆள் ஏற்றுவதை இந்தக் கம்பி மன்னிக்காது. அது சீட்டில் இருப்பவரை மட்டும்தான் காக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை மட்காட்டில் இருத்திக்கொண்டு வராதீர்கள்.

ட்ரக்டர் எங்கேயும் போகும், ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை எங்களுக்குள் ஊறிப் போயிருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் ட்ரக்டரில் வந்த மத்ரசா மாணவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நாள் அம்பாறையில் யாருக்கும் மறக்காது. அது கம்பி காப்பாற்றக்கூடிய விபத்து இல்லை, நான் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இன்னொன்று, கம்பி இருக்கிறது என்பதற்காக வரம்பில் கண்டபடி ஏறலாம் என்று இல்லை. செங்குத்தான வரம்பென்றால் பின்பக்கமாக ஏறுங்கள், முன்பக்கமாக இறங்குங்கள். புதைந்தால் முதலில் றிவேர்ஸில் எடுத்துப் பாருங்கள், அசையாவிட்டால் மண்ணை வெட்டுங்கள், இல்லையென்றால் பக்கத்து வட்டைக்காரரின் மெசினைக் கூப்பிடுங்கள். கட்டை கட்டும் வேலையை விடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் இருந்து, வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது தள்ளி ஓட்டுங்கள். மழைக்கு ஊறிய கட்டென்றால் இன்னும் தள்ளி.

மாமாவிடம் இத்தனையும் சொன்னேன். அவர் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "அறுபத்திரெண்டு வயசாகுது, நான் பொரட்டினதில்ல" என்றார். உண்மை, அவர் நல்ல ஓட்டுக்காரர். அந்த வாய்க்காலில் போனவரும் நல்ல ஓட்டுக்காரர்தான், மாமாவுக்கு ஓட்டப் பழக்கியதே அவர்தான். அதை நான் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. மாமி சொன்னா. அடுப்படியில் இருந்து வெளியே வந்து, அவருடைய பெயரைச் சொல்லி, "அந்தாளும் இப்படித்தானே சொன்ன" என்று ஒரு வசனம்தான். பிறகு உள்ளே போயிட்டா.

கொஞ்ச நேரம் கழித்து மாமா எழும்பிப் போய் அளவு நாடாவை எடுத்து வந்தார். கொட்டில் வாசலை அளந்தோம், கம்பியின் உயரத்தை அளந்தோம். ஒரு முழம்தான் குறைகிறது. முன் தூண் நாலையும் மாற்றி வளையைத் தூக்கினால் போதும், கிடுகு எப்படியும் இந்த வருடம் மாற்ற வேண்டியதுதான். கிரைண்டரை இன்று காலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொட்டில் வேலை. எட்டு முழத்துக்குக் குறையாத பனங்கட்டை நாலு தேவை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் விலையைச் சொல்லுங்கள், மெசினோடு வந்து ஏற்றிக்கொள்கிறோம்.