படம் யாருக்குச் சொந்தம்?
மக்களே வரையும் ஓவியத்தையும் எடுக்கும் புகைப்படத்தையும் ஆய்வுச் சான்றாகக் கொள்ளலாமா என்று, கள ஆய்வு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் தயங்குகிறார். தயக்கமே வேண்டாம். 1990களிலேயே சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புகைப்படம் எடுப்பதை ஓர் ஆய்வு முறையாக வளர்த்தெடுத்தார்கள்.

எங்கள் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் கேள்விப் படிவத்தை நீட்டினால் ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடும். மணலில் வரையச் சொல்லுங்கள். எந்தத் தீவருகே பாறை, எங்கே நீரோட்டம் இழுக்கும், 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தபின் எங்கே இறங்க முடியவில்லை, எல்லாம் வந்துவிடும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி பறிக்கும் கையை அவர்களே படமெடுத்தால், வருமானக் கணக்கில் வராத காயமும் பதிவாகும்.

ஆனால் படங்கள் யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். தடைப் பகுதியைக் காட்டும் வரைபடம் வெளியே போனால், வரைந்தவர் மீதே வழக்கு பாயலாம்.