ஈர்ப்பு விதியை மாற்றினால் இருண்ட ஆற்றல் மறைந்துவிடுமா?

அண்டத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டே போகிறது; அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுதான் இருண்ட ஆற்றல். “இருண்ட ஆற்றல் என்று ஒன்றுமே இல்லை, ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைத் திருத்தினால் போதும்” என்று பலர் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். திருத்துவது எளிதுதான். திருத்திய பிறகு வந்து நிற்கும் தொல்லைகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் எங்கே கைவைத்தாலும், பெரும்பாலும் புதிதாக ஒரு ஸ்கேலார் புலம் (ஒவ்வொரு இடத்திலும் திசையற்ற ஒரு எண்ணாக இருக்கும் புலம்) முளைத்துவிடும். அது, தெரிந்த நான்கு அடிப்படை விசைகளுக்கு மேல், ஐந்தாவது விசையாக இழுக்கும். காலவெளியின் வளைவு R இருக்கும் இடத்தில் அதன் ஒரு சார்பை, f(R)-ஐ, வைக்கும் எஃப்-ஆர் கோட்பாடுகளில் இந்தக் கூடுதல் இழுப்பு, மறைக்காமல் விட்டால், நியூட்டன் விசையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஆனால் சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனுக்கு அருகே வந்தபோது எடுத்த அளவீடு (2003-ல் வெளியானது) பொதுச் சார்பியலிலிருந்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் விலகலை அனுமதிக்கவில்லை.

எனவே புலத்தை ஒளித்துவைக்க வேண்டும். 2004-ல் இயற்பியலாளர்கள் கூரியும் வெல்ட்மனும் சொன்ன பச்சோந்தி உத்தி இதற்குத்தான்: அடர்த்தி மிகுந்த இடத்தில் புலத்தின் நிறை கூடும், வீச்சு (விசை எட்டும் தூரம்) சுருங்கும், சூரியனின் மெல்லிய மேலோடு மட்டுமே அந்த விசையை வெளியே காட்டும். அழகான ஏற்பாடு. ஆனால் 2012-ல் வாங், ஹுய், கூரி மூவரும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: பால்வெளிக்குள் ஒளிய வேண்டுமானால், அண்டத்தின் சராசரி அடர்த்தியிலும் அதன் வீச்சு சுமார் ஒரு மெகாபார்செக்கைத் (ஏறக்குறைய 33 லட்சம் ஒளியாண்டு) தாண்டாது. அண்டமோ ஆயிரக்கணக்கான மெகாபார்செக். இவ்வளவு குட்டையான கை அதை எப்படி முடுக்கும்? இன்று தாக்குப்பிடிக்கும் எஃப்-ஆர் வகையான ஹூ–சவிக்கி மாதிரியைப் பிரித்துப் பாருங்கள். வளைவு அதிகமான இடத்தில் அது பழைய சமன்பாடு, கழித்தல் ஒரு மாறிலி, கூடவே ஒரு சிறு எச்சம். முடுக்கத்தைத் தருவது அந்த மாறிலிதான். அண்டவியல் மாறிலிக்கு (ஐன்ஸ்டைனின் சமன்பாட்டிலேயே முடுக்கத்தைத் தரும் நிலையான உறுப்பு) வேறு சட்டை, அவ்வளவே என்பது என் கருத்து.

கூடுதல் பரிமாணம் கேட்ட, ட்வாலி, கபடாட்ஸே, பொராட்டி மூவரின் டிஜிபி மாதிரி (2000) மாறிலியே இல்லாமல் முடுக்கத்தைத் தந்தது. ஆனால் அந்தத் தீர்வில் எதிர்மறை இயக்க ஆற்றல் கொண்ட ‘பேய்ப் புலம்’ புகுந்துவிடும், வெற்றிடமே நிலைக்காது.

அடுத்த அடி 2017 ஆகஸ்ட் 17-ல் விழுந்தது. என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. சுமார் 13 கோடி ஒளியாண்டு பயணத்துக்குப் பிறகு ஈர்ப்பலையும் காமா கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்தன. இரண்டின் வேகமும் 10¹⁵-ல் சில பங்குக்குள் சமம். ஈர்ப்போடு ஒரு ஸ்கேலார் புலத்தைச் சேர்க்கும் கோட்பாடுகளின் பெரிய தொகுப்பான ஹார்ன்டெஸ்கி குடும்பத்தில் ஈர்ப்பலை வேகத்தை மாற்றும் உறுப்புகள் ஏறக்குறைய காலி. (ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவியான லைகோ கேட்கும் அதிர்வெண்ணில் இந்தக் கோட்பாடுகள் செல்லுமா என்ற நியாயமான கேள்வி மிச்சம் இருக்கிறது.)

விண்மீன் மண்டலங்களை வைத்து அண்டத்தின் விரிவை அளக்கும் டெசி ஆய்வின் அளவீடுகளால் இப்போது மறுபடியும் பரபரப்பு. இருண்ட ஆற்றலின் நிலைமாறி (அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதம்; மாறிலிக்கு அது எப்போதும் −1) முன்பு −1-க்குக் கீழே இருந்து பிறகு மேலே கடந்திருக்கலாம் என்கின்றன. தனித்த சாதாரண ஸ்கேலார் புலத்தால் அது முடியாது, ஈர்ப்போடு பிணைந்த புலத்தால் முடியும். ஆனால் தொலைவை அளக்க உதவும் எந்தச் சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2025 முடிவின் வலு 2.8 முதல் 4.2 சிக்மா (புள்ளியியல் உறுதியின் அளவு) வரை ஆடுகிறது.

விரிவு வரலாற்றை மட்டும் பொருத்திக் காட்டும் கட்டுரையை நம்பி ஓடாதீர்கள். அந்த வளைகோட்டுக்கு எந்தக் கோட்பாட்டையும் வளைக்கலாம். எஃப்-ஆரில் கூடுதல் விசை விண்மீன் மண்டலங்களை இழுக்கும், ஒளியை ஏறக்குறைய தொடாது. எனவே மண்டலங்களின் திசைவேகம் சொல்லும் நிறையும் ஈர்ப்பு வில்லை (நிறை ஒளியை வளைப்பது) சொல்லும் நிறையும் வேறுபடுகின்றனவா என்று அந்தக் கட்டுரை கணக்கிட்டிருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.