ஒருமுறை திரும்பிப் போங்கள்

வெளிநாட்டு மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த நர்சுகளும் டாக்டர்களும் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒருமுறை அங்கே திரும்பிப் போங்கள். முகாம் நடத்த வேண்டாம், டூட்டி பார்க்க வேண்டாம். சும்மா மனுஷர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2009 முதல் 2012 வரை கென்யாவில் டென்வெக் மருத்துவமனையில் இருந்தேன். பொமெட் பக்கம், கிப்சிகிஸ் மக்கள் வாழும் மலைநாடு. 1937இல் தொடங்கிய இடம். 1959இல் எர்னி ஸ்டூரி வந்து சேரும்வரை அங்கே நிரந்தரமாக டாக்டரே கிடையாது, நர்சுகள்தான் தாங்கிப் பிடித்தார்கள். நானும் நர்ஸ் என்பதால் இதை எங்கே போனாலும் சொல்வேன்.

போன மாதம் போனேன். நைரோபியிலிருந்து மலைச்சரிவில் இறங்கி, மாய் மஹியூ, நாரோக் தாண்டி வரும்போது வறண்ட புல்வெளிதான். பொமெட் நெருங்க நெருங்கத்தான் பச்சை கூடும். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாசலில் என் பழைய தோழி நின்றிருந்தாள். அன்றைக்கு என்னோடு, வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறையில் நின்றவள், இப்போது அவளிடம் வேலை கற்கும் பிள்ளைகளே ஐந்தாறு பேர். "சாம்கேய்" என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொன்னாள். "சாம்கேய் மிசிங்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

அந்தப் பக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். முப்பது வயதுகூட ஆகாதவர்களுக்கும் வரும். எங்களிடம் வந்து சேரும்போது பலருக்குத் தண்ணீர்கூட இறங்காது. எச்சிலைத் துப்புவதற்குக் கையில் ஒரு டப்பா வைத்திருப்பார்கள். அடைத்த இடத்தில் ஸ்டென்ட், அதாவது தானாக விரியும் கம்பிவலைக் குழாய், வைப்போம். அதற்கென்று எக்ஸ்ரே திரை கிடையாது, எண்டோஸ்கோப்பை வைத்தே அடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து வைப்பார்கள். அப்புறம் அந்த மனிதர் மெதுவாக ஒரு வாய் டீ விழுங்குவார். நோய் போகாது, விழுங்க வழி கிடைக்கும். வீட்டுக்குப் போவார்கள், பெரும்பாலும் திரும்பி வர மாட்டார்கள். பதிவேட்டில் அதற்கு மேல் எழுத எதுவும் இருக்காது.

அப்படிப் போன ஒருவரின் வீட்டுக்குத்தான் தோழி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மனைவி முர்சிக் கொண்டுவந்தார். சுரைக்குடுக்கையின் உட்புறத்தில் கரியைத் தேய்த்துப் பாலைப் புளிக்க வைப்பார்கள். ஊற்றும்போது லேசான சாம்பல் நிறம், புகை வாசனை. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தபின் கணவர் ஏழு மாதம் உயிரோடு இருந்தாராம். சோளம் அறுத்ததைப் பார்த்தாராம். சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் முன்னாலேயே டீ குடித்துக் காட்டுவாராம். தினமும். கடைசி வாரம்தான் முடியவில்லை. அந்த அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன். "போலே, சிஸ்டா" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பதின்மூன்று வருஷமாக, அந்த மனிதரைச் சாவதற்குத்தான் வீட்டுக்கு அனுப்பினோம் என்று நினைத்திருந்தேன். அந்த ஏழு மாதத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. மின்னஞ்சலில் வருகிற ஆண்டறிக்கையில் இதெல்லாம் இருக்காது.

வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், நாலு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வந்த சிறுமியையும் பார்த்தேன். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். இன்றும் தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறாள். அட்டையை எடுத்துக் காட்டினாள், ஒரு தேதிகூட விட்டுப்போகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

விமான டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை அப்படியே அனுப்பினால் மருந்து வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன், இனியும் அனுப்புவேன். ஆனால் தோழியிடம் இதைச் சொன்னபோது, "பணம் ஆஸ்பத்திரிக்கு வந்தது, என்னைப் பார்க்க யார் வந்தார்கள்?" என்று கேட்டாள். அவள் கோபப்படவில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாகச் சுட்டது. நம்மோடு ராத்திரி டூட்டி பார்த்தவர்களை நன்கொடை வாங்குகிறவர்களாக மட்டும் ஆக்கிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

போகிறவர்கள் தயவுசெய்து கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். வீடுகளுக்குப் போங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள், நிறைய நேரம் உட்காருங்கள்.

கிளம்பும் அன்று காலை, என் நினைவில் இருந்த இன்னும் ஒன்பது பேரை ஒரு தாளில் எழுதித் தோழியிடம் கொடுத்தேன். சிலருக்குப் பெயர் தெரியும், ஊர் தெரியாது. இரண்டு பேருக்குப் பெயரே தெரியவில்லை, படுத்திருந்த கட்டில் எது என்று மட்டும் எழுதினேன். விசாரித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.